மெஷினுக்குப் போட்ட திருநீறு

எங்கேயாவது அணுகுண்டு வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் கனகராஜின் வேலை. இதைப் புந்தோங்கில் தான் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் அவர் வாய்தவறி ஒரே ஒரு முறை சொன்னார். அன்றோடு நிம்மதி போயிற்று. மோட்டாரை நிறுத்தி அவர் ஸ்டாண்டு போடுவதற்குள் கடைக்கார மகேந்திரன் ஆரம்பித்துவிடுவார்.

"என்னண்ணே, இன்னிக்காச்சும் எவனாவது வெடிச்சானா?"

"இல்லலா."

"வெடிக்காததுக்கா சம்பளம் குடுக்கறானுங்க?"

"வெடிக்கலன்னு ஒருத்தன் பாத்துச் சொல்லணும்ல."

"அத நான் இங்கேருந்தே சொல்லிருவேனே."

கடை சிரிக்கும். கனகராஜும் சேர்ந்து சிரித்துவிட்டு, பசியாறிவிட்டு, மலைக்குக் கிளம்புவார்.

மலை என்று அவர் சொல்வது ஒரு குன்றைத்தான். பத்து காஜா ஊருக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், முன்பு ரப்பர் பால்மரமும் இப்போது எண்ணெய்க்கான செம்பனையும் நிற்கிற பழைய தோட்டம். அதன் நடுவே அந்தக் குன்று. வெள்ளைக்காரத் துரையின் பங்களா அங்கேதான் இருந்தது. கனகராஜின் அப்பா ராமையா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர். தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை அவர் குன்றின் மேல் ஏறியிருக்கிறார், அதுவும் துரையின் நாய் செத்தபோது குழி வெட்ட. பங்களா இடிந்து போய்ப் பல காலமாயிற்று. அந்த இடத்தில் இப்போது கம்பி வேலி போட்ட ஒரு வெள்ளைக் கொட்டகை இருக்கிறது. அதன் சாவி கனகராஜின் இடுப்பில் தொங்குகிறது. ராமையா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார், மகன் உள்ளே என்ன செய்கிறான் என்று விசாரிக்காத வரைக்கும்.

கொட்டகைக்குள் ஒரு பெரிய மெஷின் உண்டு. இரவும் பகலும் அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள தூசி ஒரு வெள்ளைத் துணியில் படியும். தினமும் காலையில் கனகராஜ் அந்தத் துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி போடுவார். எடுத்த துணியை ஒரு நாள் ஆறவிட்டு, வில்லையாக அமுக்கி, கதிர்வீச்சை எண்ணுகிற இன்னொரு மெஷினுக்குள் வைப்பார். அது எண்ணிச் சேர்த்ததை வியன்னாவில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு நாடு திருட்டுத்தனமாகக் குண்டை வெடித்துப் பார்த்தால், அந்தத் தூசி காற்றேறி வந்து இப்படி ஏதாவது ஒரு துணியில் மாட்டிக்கொள்ளும். அதற்காக இதுபோன்ற கொட்டகைகளை உலகம் முழுக்கப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அணுச்சோதனையே கூடாது என்கிற ஒப்பந்தம் கனகராஜுக்குக் கல்யாணமான காலத்தில் எழுதப்பட்டது. கையெழுத்துப் போடவேண்டிய சில நாடுகள் இன்னும் போடவில்லை. போட்ட சில நாடுகள் அதை உறுதி செய்யவில்லை. உறுதி செய்த ஒரு நாடு யோசித்துப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆகவே ஒப்பந்தம் இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் போலிஸ்காரர் மட்டும் தினமும் தவறாமல் ரோந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போலிஸ்காரர்தான் கனகராஜ்.

ஆனாலும் அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. இதற்கு முன் மூன்று வேலைகள் அவரை விட்டுப் போயிருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டது. கையுறைத் தொழிற்சாலை கதவைச் சாத்தியது. லாரி முதலாளி லாரியை விற்றுவிட்டு மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கனகராஜ் தானாக எந்த வேலையையும் விட்டதில்லை. அணுகுண்டைத் தேடுகிற வேலையாவது கடைசி வரை கூட வரும், மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிட மாட்டார்கள் என்று அவர் நம்பியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?

அந்த நம்பிக்கைக்குத்தான் போன வருடம் ஆபத்து வந்தது. மெஷினின் பம்பு நின்று நின்று போக ஆரம்பித்தது. ஆள் வந்து பார்ப்பார், ஒன்றுமில்லை என்பார், போவார். மறுவாரம் மறுபடியும் நிற்கும். மெஷின் நிற்கிற நாளெல்லாம் வியன்னாவில் இந்தக் குன்றுக்கு நேரே சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தபோது, கோலாலம்பூரிலிருந்து இந்த நிலையத்தைக் கவனித்துக்கொள்கிற அதிகாரி ரொஸ்னா அம்மா, மலாயில் சொன்னால் புவான் ரொஸ்னா, போனில் சொன்னார்: இப்படியே போனால் வருடக் கடைசியில் உங்கள் வேலைக் கொந்திரேக்டைப் புதுப்பிப்பது சிரமம்.

"கண்ணு பட்டிருச்சிண்ணே," என்றார் ரூபன். நிலையத்தில் இருந்த இன்னொரு ஆள் அவர். கனகராஜுக்கு லீவு வரும் நாட்களில் துணி மாற்றுகிறவர். "தெனம் அந்த ஒட்டுக்கடையில ஒக்காந்து மெஷினப் பத்தியே பேசுறீங்க. எத்தன பேரு கண்ணு."

"பேசறது நான் இல்லலா, அவனுங்க."

"யாரு பேசுனா என்ன, பட்டிருச்சி."

ஆயுத பூசை வந்தது. கனகராஜ் எங்கே வேலை செய்தாலும் அன்றைக்குக் கைவேலைச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. இந்த மெஷினுக்கும் வருடா வருடம் வெளித் தகரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, யார் கண்ணிலும் படாமல் மறுநாள் துடைத்துவிடுவார். அந்த வருடம் பொட்டு மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் வேறொரு பொருள் இருந்தது.

மனைவி புஷ்பலதாவின் தங்கை தினேஸ்வரி அப்போதுதான் இந்தியாவுக்கு யாத்திரை போய்விட்டு வந்திருந்தாள். இமயமலைப் பக்கத்தில், பனிக்காட்டின் ஓரத்தில், அணையாத விறகுத் தீ முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் அள்ளிக் கொடுத்த சாம்பலைப் பை நிறையக் கொண்டுவந்து, புந்தோங்கில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"சாதாரணத் திருநீறு இல்ல மாமா. ரொம்ப சக்தி. பாத்து யூஸ் பண்ணுங்க," என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் கோயிலுக்குத் தூக்கிப் போவோம். பூசாரி உள்ளங்கையில் திருநீற்றை வைத்து, எதையோ முணுமுணுத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே ஊதுவார். விட்டு விட்டு நிற்கிற மெஷினுக்கும் அதுதான் வைத்தியம் என்று கனகராஜ் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளை கண்ணை இறுக்கி, மூச்சைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த மெஷின் அப்படி வளர்க்கப்பட்டதில்லை. எதிரே வருவதையெல்லாம் ஒரு துகள் விடாமல் உள்ளே இழுப்பதற்கென்றே பிறந்தது அது. கனகராஜ் சூடம் காட்டிவிட்டு, காற்று இழுக்கும் வாய்க்கு முன்னால் நின்று, கை நிறையத் திருநீற்றை எடுத்து, முருகா என்று ஊதினார். நெற்றிக்குப் பூசிக்கொள்ளக்கூட மிச்சமில்லாமல் அது உறிஞ்சிக்கொண்டது.

பம்பு அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் புவான் ரொஸ்னா போன் செய்தார். துணியில் சீசியம் என்ற பொருள் இருக்கிறது, இயற்கையில் கிடையாது, அணு பிளந்தால்தான் உண்டாகும் என்றார். வியன்னாவிலிருந்து கேள்வி வந்திருக்கிறது, துணியை வெட்டி வெளிநாட்டில் இரண்டு சோதனைக்கூடங்களுக்கு அனுப்பவேண்டும், யாரிடமும் பேசவேண்டாம்.

கனகராஜ் யாரிடமும் பேசவில்லை. ஒட்டுக்கடையில் வழக்கமான கேள்விக்கு வழக்கமான "இல்லலா" வராததே போதுமானதாக இருந்தது. மகேந்திரன் தே தாரிக் தேநீரைத் தானே மேசைக்குக் கொண்டுவந்தார்.

"கொரியாக்காரனாண்ணே?"

"சொல்லக் கூடாது."

"ரஷ்யாவா?"

"சொல்லக் கூடாதுன்னா விடேன்லா."

சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. சில நாட்களுக்கு அவர் வந்தால் உடனே அவருக்கென்று ஒரு நாற்காலி காலியாயிற்று. ஒருவர் தன் மகனுக்குப் பினாங்கில் வீடு வாங்கலாமா, இல்லை நிலைமை தெளியட்டுமா என்று யோசனை கேட்டார். பொறுத்துப் பாருங்கள் என்றார் கனகராஜ்.

அடுத்து புவான் ரொஸ்னாவே நேரில் வந்தார். கனகராஜையும் ரூபனையும் கொட்டகை வாசலில் உட்காரவைத்து மலாயில் நிதானமாகப் பேசினார். குண்டு புதிதாக வெடித்திருந்தால் சீசியத்தோடு கூட இன்னும் பல பொருள்கள் வந்திருக்கும், அவை சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடுகிறவை. இங்கே அவை இல்லை. சீசியம் மட்டும் தனியாக வந்திருக்கிறது. ஆகவே இது பழைய குண்டு.

"எவ்வளவு பழசு, புவான்?" என்றார் ரூபன்.

"நாமெல்லாம் பிறப்பதற்கு முன்னால்."

அந்தக் காலத்தில் அமெரிக்கா, ரஷ்யா, இங்கிலாந்து என்று ஆரம்பித்து, பிறகு பிரான்சும் சீனாவும் சேர்ந்து, வெட்டவெளியில் போட்டி போட்டுக்கொண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்றார் அவர். பாலைவனத்தில், புல்வெளியில், அடுத்தவர்களுடைய தீவில். தூசி மேகத்துக்கு மேலே போய், உலகத்தைச் சுற்றி, மழையோடு இறங்கியது. இறங்காத நாடு கிடையாது. மரங்கள் அதை வேரால் குடித்தன. முக்கியமாக மலைக்காட்டு மரங்கள். அவற்றை எரித்தால் தண்ணீர் போகும், கட்டை போகும், ஆனால் சீசியம் போகாது. சாம்பலில் தங்கிவிடும்.

சாம்பல் என்றதும் கனகராஜ் நிமிர்ந்தார். விஷயம் தெரிந்த ரூபன் குனிந்தார்.

"கேள்வி ஒன்றுதான்," என்றார் புவான் ரொஸ்னா. "இந்த மெஷினுக்குப் பக்கத்தில் யாராவது எதையாவது எரித்தார்களா? இல்லை, உங்கள் கையால் ஏதாவது உள்ளே போயிற்றா? உங்கள் கையால் என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது. கொந்திரேக்ட் அதோடு சரி."

குன்றின் அடியிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்து வந்தது.

"அது என்ன?"

"அது கருப்பம்மாள், புவான்," என்றார் ரூபன், கேட்டு முடிப்பதற்குள். "விறகு அடுப்பு. தினமும் எரிப்பார்."

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடைசியாக மிச்சமிருந்த வீடு கருப்பம்மாளுடையது. செம்பனை வேலைக்கு வரும் வங்காளதேசத்துப் பையன்களுக்கு வடை சுட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கிளப்பிவிடத் தோட்ட நிர்வாகம் வெகுநாளாக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது. காரணம் இப்போது வியன்னாவிலிருந்து வந்திருந்தது.

"அப்படியானால் நிர்வாகத்திடம் சொல்லவேண்டியதுதான். நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அடுப்பு இருக்கக் கூடாது," என்றார் புவான் ரொஸ்னா. கனகராஜைப் பார்த்து, "சரிதானே?" என்றும் கேட்டார்.

கனகராஜ் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம் அது. புவான் ரொஸ்னா ஆமாம் என்று வைத்துக்கொண்டு, மண்ணையும் இலையையும் மாதிரி எடுக்கப் போனார்.

வடை வாங்கி வருகிறேன் என்று கனகராஜ் கீழே இறங்கினார். வழியெல்லாம் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டே போனார். கருப்பம்மாளுக்கு எப்படியும் ஒருநாள் அந்த வீடு போகத்தான் போகிறது. அது கொஞ்சம் முன்னால் போனால் தன் வேலை நிற்கும். கருப்பம்மாளே ஒத்துக்கொண்டால் பாவமும் இல்லை.

"வாலா, அணு பாம்காரா," என்றார் கருப்பம்மாள், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல காடி நிக்குதே, யாரு?"

"பெரிய ஆபீஸ் அம்மா, அக்கா. மெஷின்ல குண்டுத் தூசி விழுந்திருக்காம். வெறகு எரிச்ச சாம்பலா இருக்கும்னு பேசிக்கறாங்க." கனகராஜ் ஒரு வடையை எடுத்துக் கையில் உருட்டினார். "ஒங்க அடுப்பா இருக்குமோன்னு..."

"என் அடுப்பா?"

"கேட்டா ஆமான்னு சொல்லிருங்கக்கா. ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

கருப்பம்மாள் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினார். "ஏன்டா, ஒன் மெஷின் வந்த நாள்லேருந்து அதோட மூக்குக்குக் கீழதான் நான் எரிக்கிறேன். மழையில ஈர வெறகு, கண்ணே தெரியாத பொகை. அப்பல்லாம் வராத குண்டு இப்ப எங்கேருந்துடா வரும்? நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

கனகராஜ் வடையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒங்கப்பன் மாதிரியே முழிக்கிற. அவனும் தப்புப் பண்ணா வடையத்தான் உருட்டுவான். காசு வச்சிட்டுப் போ."

அவர் கோபப்பட்டிருந்தால் கனகராஜ் தன் நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்திருப்பார். ஆனால் கருப்பம்மாள் கோபப்படவில்லை. அடுத்த வடையைத் தட்டினார். இந்தப் பொய்யை வியன்னாக்காரன் நம்புவான், கோலாலம்பூர்க்காரி நம்புவாள், தோட்ட நிர்வாகம் தேங்காய் உடைத்து நம்பும். தானும் கருப்பம்மாளும் மட்டும் நம்ப முடியாது. தினமும் இந்த அடுப்பைத் தாண்டித்தான் மலை ஏறவேண்டும். அடுப்பு இல்லாத இடத்தைத் தாண்டி ஏறுவது இன்னும் கஷ்டம்.

மேலே போனபோது புவான் ரொஸ்னா பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"புவான், அந்த அடுப்பு இல்லை."

"பிறகு?"

"நான்தான் ஊதினேன்."

"எதை?"

கனகராஜுக்குத் தெரிந்த மலாயில் திருநீற்றுக்குச் சொல் கிடையாது. சாமி சாம்பல் என்றார். கையில் எடுத்து ஊதுவதைச் செய்து காட்டினார். புவான் ரொஸ்னா காரின் கதவைச் சாத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதற்கு?"

"மெஷினுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது."

"அப்புறம்?"

"சரியாகிவிட்டது. நீங்களே பாருங்கள், அதற்குப் பிறகு நிற்கவே இல்லை."

"அதை நான் எழுத முடியாது, என்சிக் கனகராஜ்."

மிச்சமிருந்தால் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார். கனகராஜ் கொழுந்தியாளிடம் போய் நின்றார். சாமி திருநீற்றை ஒரு மெஷின் பரீட்சை பண்ணுவதாவது என்று தினேஸ்வரி அழுதாள். ஆனாலும் கொடுத்தனுப்பினாள். பதில் வந்தது: அதே சீசியம், அள்ளித் தின்றாலும் ஒன்றும் ஆகாத அளவு, ஆனால் சந்தேகமில்லாமல் அந்தப் பழைய குண்டுகளுடையது. தினேஸ்வரி அழுகையை நிறுத்தினாள். வியன்னா வரைக்கும் சக்தி தெரிந்துபோன திருநீறு என்று கோயிலில் பேச்சானது. பொட்டலம் கேட்டு பத்து காஜாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

புஷ்பலதா அப்படி எதையும் கொண்டாடவில்லை. "ஊர்ல எல்லாரும் பொய் சொல்லிப் பொழைக்கிறான். நீங்க உண்மையச் சொல்லிட்டு நடுத்தெருவுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு, பழைய தொழிற்சாலை நண்பர்களின் போன் எண்களைத் தேட ஆரம்பித்தாள். வருடக் கடைசி வரை அந்த வீட்டில் போன் அடித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அடித்தது. கனகராஜை நீக்கினால் புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும், அதற்கு இப்போது ஆள் இல்லை என்றார் புவான் ரொஸ்னா. ஆகவே நீக்கவில்லை. ஆனால் தப்பு தப்புதான். மெஷினுக்குள் வேண்டாத தூசி போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று தப்புச் செய்தவர் கட்டாயம் பாடம் படிக்கவேண்டும் என்பது விதி. பாடம் வியன்னாவில். டிக்கெட் வரும்.

ரூபன் ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள், "இப்படி டிக்கெட் வரும்னு தெரிஞ்சிருந்தா நானும் ஒரு கை ஊதியிருப்பேன்லாண்ணே," என்றார்.

வியன்னாவில் பல நாட்டு நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பாடம் நடத்திய வெள்ளைக்காரர் முதல் நாளே கனகராஜை எழுந்து கதையைச் சொல்லச் சொன்னார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கனகராஜ் சொன்னார். உள்ளங்கையை நீட்டி ஊதிக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. இத்தனை நாள் ஒட்டுக்கடைச் சிரிப்பைத் தாங்கியவருக்கு இது வேறு மாதிரிச் சிரிப்பாக, நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பசிபிக் தீவுக்காரி, அவர் வயதுதான் இருக்கும்.

இடைவேளையில் அவர் அருகே வந்து கேட்டாள். "அந்தச் சாம்பல் வெள்ளையாக இருக்குமா?"

"வெள்ளை."

"நெற்றியில் பூசுவீர்களா? கையிலும்?"

"கையிலும்."

அவளுடைய அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் கடலுக்கு அப்பால் அமெரிக்கர்கள் குண்டு வெடித்தார்களாம். பகலில் தீவின் மேல் வெள்ளைப் பொடி கொட்டியது. பாதிரியார் படத்தில் காட்டிய பனி இதுதான் என்று பிள்ளைகள் ஓடி, கையிலும் காலிலும் தலையிலும் பூசிக்கொண்டு விளையாடினார்கள். பொழுது சாய்வதற்குள் தோல் எரிந்தது. பிறகு முடி கொட்டியது. கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவுக்குப் பெரியவளான பின் கழுத்தில் அறுவை செய்தார்கள். கழுத்தில் தழும்பு இல்லாத பெண்ணை அந்த வயதுக்காரிகளில் தான் பார்த்ததில்லை என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு வகுப்பின் ஆட்கள் வந்தார்கள். கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார் வெள்ளைக்காரர். தொண்டை சரியில்லை என்றார் கனகராஜ். வெள்ளைக்காரரே சொன்னார். கனகராஜைவிட நன்றாகவே சொன்னார். கதவு சாத்தியிருந்தும் சிரிப்பு வெளியே கேட்டது.

கனகராஜும் அந்தத் தீவுக்காரியும் நடைக்கூடத்தில் பால் இல்லாத காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மெஷின் அந்தத் தீவில்தான் இருக்கிறதா என்று கனகராஜ் கேட்டார்.

"இல்லை. வேறு தீவில். நான் வேலைக்காக அங்கே குடிபோனேன்." அவள் காப்பியைக் கலக்கினாள். "எங்கள் தீவிலேயே ஒன்று வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே வைத்துப் பிரயோஜனமில்லை என்றார்கள். ஏற்கெனவே மண்ணெல்லாம் குண்டுத் தூசிதானாம். புதிதாக யாராவது வெடித்தால் தெரியாதாம்."